இரண்டு கரை உப்பும் ஓர் இரும்புப் பாலமும்

நல்லாயன்புரம்,
ஆகஸ்ட் 18

தம்பி வேதநாயகத்துக்கு அக்காள் இன்பமணி எழுதுவது.

நேற்றுக் காலை கால்வாய்ப் பாலத்தில் நின்றவர்கள் இவர்கள்: அரசாங்கத்தில் இருந்து வந்த பொறியாளர் சித்ரலேகா அம்மா, அவருடைய டிரைவர், நம் சபைக் குருவானவர், அக்கரை மேலப்பேரியில் இருந்து சமையல் மாஸ்டர் முத்துமாலை அண்ணாச்சி, அதே ஊர் இசக்கியம்மா, உன் அத்தான், நான். அத்தானிடம் வேலை பார்க்கும் பேச்சிராஜும் வந்தான். நிலவரம் சரியில்லை என்று கண்டதும் டீ குடிக்கப் போய்விட்டான். அவனை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

யார் யார் நின்றார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு வேறு யாராவது உனக்குக் கூட்டியோ குறைத்தோ சொன்னால், அவர் அந்த இடத்தில் இருந்தாரா என்று நீ பார்த்துக்கொள்ளலாம்.

மே மாதம் கால்வாய்த் தண்ணீரை அடைத்திருந்தபோது உன் அத்தான்தான் அந்தப் பாலம் முழுவதும் பெயிண்ட் அடித்தார். நடுப்பகுதியில் இப்போது அம்மை போட்ட மாதிரி கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறது. அந்த அம்மா ஒரு சின்னக் கத்தியால் ஒன்றைக் கீறினார். உள்ளே இருந்து தண்ணீர் வந்தது, தம்பி. பெயிண்டுக்குள் தண்ணீர்! அதற்கும் அடியில் செம்மண் நிறத்தில் துரு.

“அப்பாத்துரை, இது பதினஞ்சு வருஷம் நிக்கும்னு சொல்லித்தான் அடிச்சீங்க. மூணு மாசம் ஆகல.”

“மத்த இடமெல்லாம் நல்லாத்தானம்மா இருக்கு?”

“நடுவுல போச்சுன்னா ரெண்டு கரையிலயும் பாதிப் பாதிப் பாலம்தான் இருக்கும். அத வச்சு என்ன செய்வீங்க?”

அத்தான் இன்னொரு கொப்புளத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். இசக்கியம்மாதான், “என்னத்த செய்ய, ஆளுக்குப் பாதி எடுத்துக்கிடுதோம்” என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

அந்த அம்மா கெட்டவர் இல்லை. உள்ளதைச் சொன்னார். அக்டோபர் நடுவில் கருவியோடு வருவாராம். கெட்டுப்போன இடத்தைப் புதிதாக அடித்து வைத்திருந்தால் அதை இழுத்துப் பார்ப்பாராம். பெயிண்ட் நின்றால் பாலம் நிற்கும். உரிந்துவிட்டால், மழைக்கு முன்னால் பாலத்தைக் கழற்றிவிடச் சொல்லி எழுதிவிடுவார். புதுப் பாலத்துக்கு இப்போதைக்குத் திட்டம் எதுவும் கிடையாதாம். மேலப்பேரிப் பிள்ளைகள் நம் பள்ளிக்கூடத்துக்கு நான்கு வழிச்சாலை ஏறித்தான் சுற்றி வர வேண்டும். லாரிகள் போகிற வேகம் உனக்குத் தெரியும். நம் ஊர் வயல் அத்தனையும் அந்தக் கரையில்தான்.

நீ கப்பலுக்கும் எண்ணெய்த் தொட்டிக்கும் பெயிண்ட் பரிசோதிக்கிறவன். என் மகள் ஸ்டெபி சபையில் முதல் நற்கருணை எடுத்த திடப்படுத்தல் விருந்தில் நீ ஒரு வார்த்தை சொன்னாய். உன் அத்தான் சாப்பாட்டில் பாதியில் எழுந்தார். அதற்குப் பிறகு நீ என் போனையும் எடுப்பதில்லை. ஆனால் கடிதத்தைப் பாதியில் துண்டிக்க உன்னால் முடியாது. ஸ்டெபி இதைப் படம் பிடித்து உனக்கு மெயிலில் அனுப்புகிறாள். அத்தானுக்குத் தெரியாது.

கொப்புளம் ஏன் வந்தது? அதை மட்டும் சொல்.

அக்காள்,
இன்பமணி

*

சோஹார், ஓமன்,
ஆகஸ்ட் 24

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. விருந்தில் நான் சொன்னது, “அத்தான் துருவைக் குளிப்பாட்டாமலே பவுடர் போட்டு விட்டுருவாக” என்பது. அதை எழுதக்கூட உனக்கு மனம் வரவில்லை. நான் எழுதிவிட்டேன். அது சிரிப்புக்குச் சொன்னது. அதற்காக என் புது வீட்டுப் பிரதிஷ்டைக்கு அத்தான் வரவில்லை. அது அவர் கோபம். நீ ஏன் வரவில்லை? கேக் வெட்டும்போது வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, பாலம்.

அத்தான் பெயிண்டில் கொப்புளம் என்று படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

மற்ற இடம் எல்லாம் நன்றாக இருந்து, நடுப்பகுதி மட்டும் கெட்டிருக்கிறது. அதே பெயிண்ட், அதே கை, அதே மாதம். அப்படியானால் குறை பெயிண்டில் இல்லை; அந்த இடத்தில்தான் ஏதோ நடந்திருக்கிறது. பழைய பெயிண்டை உரித்து இரும்பை வெளியே கொண்டுவந்ததற்கும் முதல் பூச்சு அடித்ததற்கும் நடுவில் என்ன நடந்தது? யார் வந்தார்கள், எதை வைத்தார்கள், எதைக் கொட்டினார்கள்? மறுநாள் இரும்பு என்ன நிறத்தில் இருந்தது?

சின்ன விஷயம் என்று நீ விட்டுவிடுவதுதான் எனக்கு வேண்டிய விஷயமாக இருக்கும்.

வேதநாயகம்

*

நல்லாயன்புரம்,
ஆகஸ்ட் 30

தம்பிக்கு,

பிரதிஷ்டை அன்றைக்கு நான் புடவை மாற்றி, உனக்கு வாங்கி வைத்திருந்த சுவர்க் கடிகாரத்தைப் பொதிந்து எடுத்துக்கொண்டு தெருமுனை வரை வந்தேன். திரும்பிப் பார்த்தேன். உன் அத்தான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். போகாதே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்திருப்பேன். சும்மா உட்கார்ந்திருந்த ஆளை விட்டுவிட்டு எனக்கு வரத் தெரியவில்லை. கடிகாரம் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. இதற்கு மேல் எழுதினால் உன் கேள்வியை விட்டுவிடுவேன்.

வெள்ளிக்கிழமை மதியம் நடுப்பகுதியில் பிளாஸ்டிங் முடிந்தது. கறுப்புத் துகளைக் காற்றோடு வீசி அடித்தார்கள். பழைய பெயிண்டும் துருவும் உதிர்ந்து போய், இரும்பு பளபளவென்று வெளியே வந்தது. இத்தனை வருஷமாக நாம் மிதித்து நடந்தது இப்படி ஒரு இரும்பா என்று ஊரே வந்து பார்த்தது. அன்று மாலையே முதல் பூச்சு அடிப்பதாகத்தான் அத்தான் சொன்னார். மறுநாள் ஊரே ஒரே பந்தியில் உட்காரும் அசனப் பண்டிகை. விறகு பிளக்கவும் பந்தல் போடவும் ஆள் வேண்டும் என்று பேச்சிராஜையும் மற்றவர்களையும் ஊரார் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பூச்சு மறுநாள் காலைக்குத் தள்ளிப்போனது.

அப்புறம் நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். ஓமன் போனவனுக்கு மறந்திருக்கலாம் என்பதால் எழுதுகிறேன். தாத்தா காலத்தில் கால்வாய்த் தண்ணீருக்காக இரண்டு கரைக்கும் வெட்டுக்குத்து வரை போனதாம். அன்றிருந்த குருவானவர் பாலத்தின் நடுவில் பாயை விரித்து, “அசனச் சோத்துக்கு ரெண்டு கரை உப்பும் இங்கன வந்து சேரணும்” என்றாராம். அன்று முதல் அசனத்துக்கு முந்திய மாலையில் வேதக்காரர், இந்துக்கள் என்று இல்லாமல் இரண்டு ஊர் வீடுகளும் படி உப்பு கொண்டுவந்து நடுப்பாலத்தில் கொட்டும். விடிந்ததும் முத்துமாலை அண்ணாச்சி வந்து அதை அள்ளிக்கொண்டு போய் உலை வைப்பார்.

இந்த வருஷம் பாயை விரிக்கப் போனார்கள். இசக்கியம்மா, “ஏட்டி, பாலம் வெள்ளித் தாம்பாளம் கெணக்கா மின்னுதே, இதுல போயி பாய் எதுக்கு?” என்றாள். எல்லோரும் சிரித்துக்கொண்டே அந்தப் பளபளப்பிலேயே கொட்டினார்கள். இரண்டு கரை உப்பும் ஒன்றாகக் குவிந்து கிடந்ததைப் பார்க்க எனக்குக் கண் நிறைந்தது. அந்த இடத்திலேயே நின்று ஜெபித்தோம்.

ராத்திரி நல்ல புழுக்கம்; காலையில் உப்பு கசிந்து கிடந்தது. உப்பை அள்ளின பிறகு பார்த்தால் இரும்பு லேசாக மஞ்சள் பூத்திருந்தது. அத்தான் கம்பி பிரஷால் தேய்த்து, துணியால் துடைத்து, பூச்சு அடித்தார். தேய்க்காமல் அடிக்கவில்லை. அதை நான் சாட்சியாகச் சொல்வேன்.

இதில் எங்கே தப்பு என்று எனக்குத் தெரியவில்லை.

இன்பமணி

*

சோஹார்,
செப்டம்பர் 3

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரன் ஊரில் யாருக்கும் ஏதும் ஆகிவிட்டதா என்று கேட்டான். உப்பு கொட்டிவிட்டார்கள் என்றேன். அவனுக்கு விளங்கவில்லை.

இங்கே கடற்காற்றில் வருகிற ஒரு துளி உப்புக்குப் பயந்து நாங்கள் கூடாரம் கட்டி வேலை செய்கிறோம். நீங்கள் இரண்டு ஊர் உப்பைக் கொண்டுபோய் உரித்த இரும்பில் குவித்திருக்கிறீர்கள்!

மாங்காயில் உப்பைப் போட்டு மூடி வைத்தால் தண்ணீர் விட்டுக்கொள்ளும் இல்லையா? அதே கதைதான். ராத்திரி ஈரத்தில் உப்பு கரைந்து இரும்பின் நுண்ணிய குழிகளுக்குள்ளும், தகட்டு இடுக்கு வழியாக அடி உத்திரத்துக்கும் போயிருக்கிறது. அதன் மேல் பெயிண்ட் அடித்தால், பெயிண்டைத் தாண்டி வெளியே இருக்கிற ஈரத்தை உப்பு உள்ளே இழுக்கும். கொப்புளத்தில் இருந்தது அந்தத் தண்ணீர்தான். கம்பி பிரஷால் தேய்த்தால் உப்பு போகாது. இன்னும் பரவும். கழுவினால்தான் போகும். அத்தானைக் குறை சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிகிற துருவை அவர் எடுத்துவிட்டார், கண்ணுக்குத் தெரியாதது தங்கிவிட்டது.

காணிக்கை உப்பு என்று இரும்புக்குத் தெரியாது, அக்கா. இனிமேல் அந்தச் சடங்கை நிறுத்திவிடுங்கள்.

செய்ய வேண்டியது இது: கெட்ட பகுதியை மறுபடி உரித்து, நல்ல தண்ணீரால் வேகமாக அடித்துக் கழுவ வேண்டும். உப்பு போயிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். போகும்வரை கழுவ வேண்டும். பிறகு லேசாக மறுபடி உரித்து, அன்றைக்கே பூச்சு. ஒரு ராத்திரிகூட இரும்பு வெறும் உடம்போடு கிடக்கக் கூடாது.

சோதிக்கிற கருவியை என்னோடு வேலை பார்க்கும் காயல்பட்டினத்துக்காரரின் மனைவி ஸமீஹாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். அடுத்த வாரம் ஊர் வருகிறார். இரும்பில் ஒட்டும் சின்னப் பொட்டலம் அது. ஊசியால் அதற்குள் சுத்தமான தண்ணீர் விட்டு, எடுத்து, மீட்டரில் அளக்க வேண்டும். எந்த எண்ணுக்குக் கீழே வர வேண்டும் என்று மூடியில் ஒட்டியிருக்கிறேன்.

என் பெயரை அத்தானிடம் சொல்லாதே. சொன்னால் செய்ய மாட்டார்.

வேதநாயகம்

*

நல்லாயன்புரம்,
செப்டம்பர் 21

தம்பிக்கு,

சடங்கு என்று எழுதிவிட்டாய். அந்தச் சொல்லை மூன்று நாள் மனசுக்குள் வைத்துக்கொண்டு உன்னோடு சண்டை போட்டேன். இரண்டு கரையும் வெட்டிக்கொள்ளாமல் ஒரே பந்தியில் உட்காருகிறது அந்த உப்பால். உனக்கு இரும்பு கெடுகிறது மட்டும்தான் தெரியும். ஆனாலும் நீ சொன்ன காரணம் சரி. ஜெபத்தில் வைத்தேன். பாலத்தையும் உப்பையும் ஒன்றுக்கொன்று எதிரியாக்க வேண்டாம் என்று மனசில் பட்டது. இரண்டையும் காப்பாற்றலாம் என்று எழுந்தேன்.

முதலில் உன் அத்தானிடம் சொன்னேன்.

“இத ஒனக்கு யாரு சொன்னா?”

ஜெபத்தில் தோன்றியது என்று பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “தெரிஞ்ச ஆளு” என்றேன்.

“தெரிஞ்ச ஆளு ஓமன்லயா இருக்கான்?”

அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். குழாயை அடைத்தார். துண்டை எடுத்தார். சரி, கதை முடிந்தது என்று நினைத்தேன். அவர் கேட்டது என்ன தெரியுமா? “கழுவச் சொன்னானா, தேய்க்கச் சொன்னானா?”

“கழுவ.”

“அப்ப நான் தேச்சதுல எல்லாம் பரவிருக்கும்” என்று அவராகவே சொல்லிக்கொண்டு, சட்டையைப் போட்டுப் பாலத்துக்குப் போய்விட்டார்.

ஊருக்குச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் குருவானவர் என்னைப் பேசச் சொன்னார். மேலப்பேரிக்காரர்களும் வந்து முற்றத்தில் நின்றார்கள். சொல்லி முடித்ததும் ஒரே சத்தம். “காணிக்கையக் குத்தம் சொல்லுதியா?” “ஒன் மாப்பிள்ள அடிச்ச பெயிண்டு கெட்டதுக்கு எங்க உப்பாக்கும் காரணம்?” முத்துமாலை அண்ணாச்சி எழுந்தார்.

“எம்மா, நான் சமைக்க ஆரம்பிச்ச நாள்ல இருந்து உப்பு போடுதேன். ஒரு பந்தியில ஒருத்தன் கொற சொன்னதில்ல. இப்ப பாலம் சொல்லுதா, உப்பு கூடிப்போச்சுன்னு?”

சிரிப்பு கிளம்பியது. அந்தச் சிரிப்பில்தான் எனக்கு மூச்சு வந்தது. இசக்கியம்மா முன்னால் வந்தாள்.

“பாலம் சொன்னா கேக்க வேண்டியதுதான் அண்ணாச்சி. வெள்ளித் தாம்பாளம்னு வாயக் குடுத்தவ நானு. கழுவுததும் நானு. தாம்பாளத்துல வச்ச சாமானத் தின்னுட்டுக் கழுவாமலா கவுத்துவோம்? ஏட்டி, கொடத்த எடுங்க!”

அதற்கப்புறம் யாரும் காணிக்கையைப் பற்றிப் பேசவில்லை. எந்தக் குடம், எந்தக் குழாய் என்றுதான் பேச்சு.

அத்தான் பாலத்தைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி, கெட்ட இடத்தை உரித்தார். பம்ப் வைத்துக் கழுவினார்கள். ஸமீஹா கருவியோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். கணவர் சொல்லிக்கொடுத்தபடி அவரே ஒட்டி, ஊசி போட்டு, அளந்து காட்டினார். எண் பாதிகூட இறங்கவில்லை. மறுபடி கழுவினார்கள். இன்னும் ஏறியது! அத்தான் பிளாஸ்டிக் டிரம் மேல் உட்கார்ந்துவிட்டார். “கழுவக் கழுவ ஏறுதுன்னா, இது என்ன மாய உப்பாவே?” என்றான் பேச்சிராஜ்.

நான் பம்புக்குத் தண்ணீர் வைத்திருந்த இன்னொரு டிரம்மில் கையை விட்டு ஒரு சொட்டை நாக்கில் வைத்தேன். கரித்தது. பக்கத்தில் இருக்கிறதே என்று பேச்சிராஜ் போர் தண்ணீரைப் பிடித்து நிரப்பியிருக்கிறான். அந்தத் தண்ணீரில் நாங்கள் யாரும் பருப்புகூட வேக வைப்பதில்லை. அதை வைத்துக்கொண்டு பாலத்தைக் குளிப்பாட்டுகிறான்!

“ஏலே, நீ உப்ப உப்பால கழுவுதியா?” என்று அத்தான் துண்டை எடுத்து வீசினார். ஆனால் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது.

அப்புறம் ஆற்றுத் தண்ணீர்தான். மேலப்பேரிக் குழாயில் காலையில் வரும், நமக்கு மாலையில் வரும். அதனால் காலை முழுவதும் அந்தக் கரைப் பெண்கள் சுமந்தார்கள், மாலையில் நாங்கள் சுமந்தோம். ஸமீஹா பஸ்ஸை விட்டுவிட்டு எங்களோடு குடம் தூக்கினார். ஒவ்வொரு தடவை அளக்கும்போதும் எண் கீழே வந்தது. கடைசியில் நீ மூடியில் எழுதின எண்ணுக்கும் கீழே போனது. ஸமீஹா மீட்டரைத் தூக்கிக் காட்டி, “அல்ஹம்துலில்லாஹ்!” என்றார். எங்கள் பக்கம் “ஸ்தோத்திரம்!” என்றது. மேலப்பேரிப் பெண்கள் குலவை போட்டார்கள். பாலத்துக்கு அன்றைக்கு மூன்று மதத்து வாழ்த்தும் கிடைத்தது.

நேற்றுக் காலை மறுபடி லேசாக உரித்து, மாலைக்குள் முதல் பூச்சு அடித்தாகிவிட்டது. உன் அத்தான் ஒரு ஆளையும் விறகு பிளக்க அனுப்பவில்லை.

அடுத்து என்ன செய்யணும் என்று கேட்டு எழுதச் சொன்னார். யாரிடம் என்று சொல்லவில்லை. “கேட்டு எழுது” என்றார், அவ்வளவுதான்.

இன்பமணி

*

சோஹார்,
செப்டம்பர் 24

அக்கா,

சடங்கு என்ற சொல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். குடம் தூக்கின அத்தனை பேருக்கும் என் வணக்கத்தைச் சொல்.

“கழுவச் சொன்னானா, தேய்க்கச் சொன்னானா?” இந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இங்கே எத்தனையோ நாட்டு ஆட்களிடம் தப்பைச் சுட்டிக் காட்டியிருக்கிறேன். எல்லோரும் முதலில் கேட்பது ‘யார் சொன்னது’ என்றுதான். அத்தானும் அதைக் கேட்டார். ஆனால் அடுத்த கேள்வி இரும்பைப் பற்றிக் கேட்டார். அது பெரிய மனசு.

அடுத்தது: முதல் பூச்சு காய்ந்ததும் நடுப்பூச்சுக்கு முன்னால் போல்ட், ரிவெட் தலை, தகட்டு ஓரம், வெல்டிங் போட்ட இடம் எல்லாவற்றுக்கும் பிரஷால் தனியாக ஒரு கை அடிக்க வேண்டும். ஸ்பிரே பண்ணினால் ஓரத்தில் பெயிண்ட் மெலிந்துவிடும். துரு எப்போதும் ஓரத்தில்தான் வாசல் தேடும். இதை நான் அத்தானுக்குச் சொல்லத் தேவையில்லை. பள்ளி விடுமுறையில் அவரோடு வேலைக்குப் போனபோது என் கையில் பிரஷைக் கொடுத்து ஓரம் அடிக்க வைத்தது அவர்தான். அவர் கை ஓரம் மாதிரி நான் இந்தத் தேசத்திலேயே பார்க்கவில்லை. மறந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன் என்று சொல்.

பனி முழுதாகக் காய்ந்து, இரும்பில் கை வைத்தால் குளிர்ச்சி தெரியாத வேளையில் மட்டும் அடியுங்கள். மழை மேகம் இருந்தால் ஒரு நாள் போனாலும் பரவாயில்லை.

அக்டோபரில் இழுத்துப் பார்த்த அன்றைக்கே எழுது. எனக்கு இங்கே தூக்கம் சரியாக வரவில்லை. என் பெயிண்டுக்குக்கூட நான் இப்படிப் பயந்தது கிடையாது.

வேதநாயகம்

*

நல்லாயன்புரம்,
அக்டோபர் 16

தம்பி, தம்பி,

ஸ்டெபி கல்லூரியில் இருந்து வந்ததும் அனுப்பச் சொல்லி இப்போதே எழுதுகிறேன். அடுப்பில் ஒன்றும் வைக்கவில்லை. வைக்கப் போவதும் இல்லை. மேலப்பேரியில் இருந்து ஆள் ஆளாகப் பாயசம் வந்துகொண்டிருக்கிறது.

நேற்று சித்ரலேகா அம்மா வந்தார். முதலில் பாலத்தின் நுனியில் இருந்து நடந்து, மீட்டரை வைத்து வைத்துப் பெயிண்டின் கனத்தை அளந்தார். ஒவ்வொரு ஓரத்திலும் போல்ட்டிலும் குனிந்து பார்த்தார். “ஓரத்துக்குத் தனியா பிரஷ் அடிச்சிருக்கீங்களா?” என்று கேட்டார். அத்தான் தலையை மட்டும் ஆட்டினார்.

பிறகு சோதிக்கிற இடத்தை அவரே தேர்ந்தெடுத்தார். முதல் இடம், தம்பி, உப்பு குவிந்து கிடந்த அதே இடம். அதற்கு நேர் கீழே உத்திரத்தில் ஒன்று. கரை ஓரம் ஒன்று. காசு அகலத்துக்கு அலுமினியத்தில் ஒரு குமிழ் இருக்கிறது. அதைப் பெயிண்ட் மேல் பசை போட்டு ஒட்டினார். பசை இறுகட்டும், நாளைக்கு இழுக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இன்று காலை பாலத்தில் ஆட்கள் நிற்க இடமில்லை. அந்த அம்மாவே, “பாலம் தாங்குதான்னு பாக்கத்தான் வந்திருக்கேன், அதுக்குள்ள எல்லாரும் ஏறி நிக்காதீங்க” என்று சிரித்துக்கொண்டே எங்களைக் கரைக்கு இறக்கினார்.

கருவியைக் குமிழில் மாட்டி, எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பைய பைய இழுத்தார். எண் ஏறிக்கொண்டே போனது. இந்த அளவு தாங்கினால் போதும் என்று அவர் முன்பே சொல்லியிருந்த எண் வந்தது. தாண்டியது. அவர் நிறுத்தவில்லை. உன் அத்தான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு ஜெபத்தில் ஒரு சொல்லும் வரவில்லை, ‘ஆண்டவரே’ என்பதைத் தவிர.

டக் என்று ஒரு சத்தம். குமிழ் கையோடு வந்துவிட்டது.

“போச்சு!” என்றான் பேச்சிராஜ்.

அந்த அம்மா குமிழைத் திருப்பிப் பார்த்தார். குனிந்து பாலத்தைப் பார்த்தார். விரலால் தடவினார். “பசதான் விட்டிருக்கு,” என்றார். “பெயிண்ட் அப்படியே நிக்குது.”

நாங்கள் யாரும் நம்பவில்லை. அவர் மறுபடி சத்தமாகச் சொன்னார். “ஒங்க பெயிண்ட் என் பசையத் தோக்கடிச்சிருச்சு!”

அடுத்த இரண்டு இடத்திலும் அதே கதை. அப்புறம் நடந்ததை எனக்கு வரிசையாக எழுதத் தெரியவில்லை. கோயில் மணி அடித்தது யார் என்று இதுவரை தெரியாது. முத்துமாலை அண்ணாச்சி அத்தானைத் தோளில் தூக்கப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். இசக்கியம்மா அந்த அம்மாவின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து முறித்தாள். அவர், “பாலம் நிக்கும்னு இன்னிக்கே எழுதிருதேன்” என்று தலைமுடியைச் சரிசெய்துகொண்டே ஜீப்பில் ஏறினார். எங்கள் ஊர்ப் பேச்சு அவருக்கும் ஒட்டிக்கொண்டது.

இரண்டு ஊரும் ஒன்று பேசி வைத்திருக்கிறது. இனிமேல் அசன உப்பு பாலத்தின் நடுவில்தான் சேரும். ஆனால் முத்துமாலை அண்ணாச்சி வைத்திருக்கிற பெரிய மூடி போட்ட டிரம்மில் சேரும். ஒரு பரல் கீழே சிந்தக் கூடாது. சிந்தினவர் வீட்டுக்கு அந்த வருஷம் பாலம் கழுவுகிற வேலை.

இன்பமணி

*

சோஹார்,
அக்டோபர் 17

அக்கா,

பசை விட்டது, பெயிண்ட் விடவில்லை! இதை மலையாளத்திலும் இந்தியிலும் அரபியிலும் எனக்குத் தெரிந்த மட்டும் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். மதியம் என் செலவில் எல்லோருக்கும் பிரியாணி.

கீழே உள்ளது அத்தானுக்கு. அவரிடம் கொடு.

அத்தான், நான் பாத்த வேலையிலேயே இதுதான் முதல் தரம். நான் பாக்காம சொல்லுதேன். உங்க கைய எனக்குத் தெரியும். விருந்துல சொன்னது தப்பு.
– வேதம்

*

நல்லாயன்புரம்,
நவம்பர் 28

தம்பிக்கு,

பதில் தாமதமானதற்கு முதலில் நடவு வேலை, பிறகு மழை காரணம். மின்சாரமும் போன் கோபுரமும் சேர்ந்து படுத்துவிட்டன.

உன் வரியை ஸ்டெபி அச்செடுத்துத் தந்தாள், அத்தானிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுப் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “பிரியாணி என்ன வெலையாம் அங்கன?” என்று கேட்டார். அவருக்கு வேறு எப்படிப் பேச வரும்? ஆனால் அந்தத் தாள் எத்தனையோ சட்டை மாறியும் பையிலேயே இருக்கிறது. துவைக்கப் போடும்போது எடுத்து எடுத்து வைக்கிறவள் நான்.

ஆற்றில் வெள்ளம் வந்து, கால்வாயும் கரை தட்டி ஓடியது. நான்கு வழிச்சாலையில் தண்ணீர் ஏறிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். மேலப்பேரியில் தாழ்வான தெருக்களில் தண்ணீர் புகுந்துவிட்டது. அவர்களுக்கு வெளியே வர இருந்தது நம் பாலம் ஒன்றுதான். பிள்ளைகளையும் ஆடுகளையும் கட்டிலோடு படுத்திருந்த பெரியவர்களையும் அந்த வழியாகக் கொண்டுவந்து கோயிலிலும் பள்ளிக்கூடத்திலும் தங்க வைத்தோம். தண்ணீர் உத்திரத்தின் அடியைத் தொட்டுக்கொண்டு போனது. ஒரு பெரிய வாகை மரமே வந்து மோதியது. உன் அத்தான் நடுப்பாலத்தில் நின்றுகொண்டு ஒவ்வொருவரையும் கையைப் பிடித்துக் கடத்திவிட்டார். “வாங்க, வாங்க, தைரியமா மிதிங்க, ஒண்ணும் செய்யாது!” ஊரே கேட்கிற மாதிரி சத்தம். இத்தனை வருஷத்தில் அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

முந்தாநாள் தண்ணீர் வடிந்தது. சித்ரலேகா அம்மா ரப்பர் பூட்ஸோடு வந்தார். மரம் மோதின இடத்தில் உள்ளங்கை அளவு சிராய்ப்பு. வேறெங்கும் ஒரு கொப்புளம் கிடையாது. கால்வாயில் கீழே இன்னும் இரண்டு இரும்புப் பாலம் இதைவிடப் பழையது இருக்கிறதாம். அடைப்புக் காலத்தில் உன் அத்தானே அவற்றை எடுத்துச் செய்ய வேண்டும் என்று கேட்டார்.

அத்தான் உடனே சரி என்று சொல்லவில்லை. “செய்யுதேன்மா. ஆனா உரிச்ச அன்னிக்கு இரும்பப் பாக்க என் மச்சினன் வரணும். அவன் கண்ணுல படாதது எதுவும் கெடையாது. அவன் சரின்னு சொன்னாத்தான் நான் பிரஷத் தொடுவேன்” என்றார். அந்த அம்மாவும் குருவானவரும் பேச்சிராஜும் நானும் கேட்டுக்கொண்டு நின்றோம்.

ஏப்ரல் கடைசியில் கால்வாய் அடைப்பார்கள். உனக்கு அப்போது லீவு கிடைக்குமா, எத்தனை நாள் இருப்பாய், திருவனந்தபுரத்தில் இறங்குவாயா தூத்துக்குடிக்கு வருவாயா என்று தெரிய வேண்டும். கூட்டிக்கொண்டு வர அத்தான்தான் வருவாராம். அந்த அம்மாவுக்கு இந்த வாரத்துக்குள் சொல்ல வேண்டும்.

சீக்கிரம் பதில் எழுது.

அக்காள்,
இன்பமணி